புது மூடி

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. பேட்டரியில் குறையில்லை.
பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வந்து பார்க்கிறது,
இஞ்சின் மட்டும் எழவில்லை.

ஐந்து மணி நாற்பது. கோலகெட்டில் இன்னும் இருட்டு.
செம்பனை ஆலையின் புகைதான் வெளுத்துத் தெரிகிறது.
தாமான் முனையில் பதினொரு பிள்ளைகள்
பையைக் கல்லில் இறக்கிவிட்டு
என் விளக்கைப் பார்த்திருப்பார்கள்.

இந்த வேனுக்கு என் கடைசித் தம்பியின் வயது.
இஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே;
பதினாறு வருடம் அந்தச் சூட்டின்மேல்
உட்கார்ந்து ஓட்டியவள் நான்.
இருக்கையைத் தூக்கிக் கம்பு கொடுத்தேன்.

முதலில் பொறி.
பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து
மகனைச் சாவி திருப்பச் சொன்னேன்.
நீலமாய்ச் சொடுக்கியது. சரி.

அப்புறம் மூக்கு.
இத்தனை சுற்றுக்கு எண்ணெய் நெடி
கண்ணைக் கரித்திருக்க வேண்டும்.
பழைய ரப்பர் வாடைதான். பிளக்கின் நுனியும் காய்ந்திருந்தது.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயை உருவி
மைலோ டின்னுக்குள் விட்டேன். "சுத்து."
ஒரு சொட்டு விழுந்தாலும் சொல்லிவிடும் தகரம் அது.
ஒன்றும் சொல்லவில்லை.

டேங்கில் எண்ணெய் இருக்கிறது;
நேற்றுத்தான் முப்பது வெள்ளிக்கு ஊற்றினேன்.
ஃபில்டரைக் கழற்றி ஊதினேன், மூச்சு தாராளமாய்ப் போனது,
உதட்டில் ஒட்டிய கசப்புதான் மிச்சம்.
பம்பு போயிருந்தால் நூற்றிருபது வெள்ளி.
மனம் என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டது:
இரண்டு பிள்ளைகளின் மாதக் கட்டணம்.
ஒரு பிள்ளை வீட்டில் மூன்று மாதமாய்த் தரவில்லை.

அந்தப் பிள்ளைதான் வந்தாள், யாஷ்வினி,
அப்பாவின் தோளில் தூங்கியபடி.
"வேன் காணோமேன்னு பாக்க வந்தேன்" என்றார் தர்மசீலன்.
கையில் டார்ச். புல் வெட்டும் வேலை,
கால்சட்டையில் எப்போதும் பச்சைக் கறை.

நேற்று மாலையும் ஆலை மேட்டில் நின்றது,
கால் மணி நேரம் சும்மா விட்டதும் தானாய் எடுத்தது
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
"டேங்கு மூடியத் திறந்து பாருங்கக்கா.
புதுசுல காத்து ஓட்ட இருக்காது.
புல்லு மெஷினுக்கும் இதே கததான்."

சாவி போட்டுத் திருகினேன்.
ஸ்ஸ்ஸென்று
டேங்கு அந்த இருட்டை உள்ளே இழுத்துக்கொண்டது,
ஆற்றில் வெகுநேரம் முங்கியவன் தலை தூக்கியதுபோல.
மகன் சுற்றினான்.
டின்னுக்குள் டிங்.
டிங், டிங். பிறகு ஓர் இழை.

எண்ணெய் இறங்கிய இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும்.
வராவிட்டால் டேங்கு உள்ளதை இறுக்கிக்கொள்ளும்,
பம்பு எவ்வளவு இழுத்தாலும் விடாது.

குழாயை மாட்டிக் கவ்வியை முடுக்கும்போதுதான் உறைத்தது.

மூடி புதுசு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
ராத்திரியில் மூன்றாம் முறை எண்ணெய் குறைந்தபின்
சனிக்கிழமை பூட்டு மூடி வாங்கிப் போட்டேன்.
அது சுவர்ப் பக்கம் இருக்கிறது.
டார்ச்சோடு குனிந்த ஆளுக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்தேன்.
அவர் மகளின் காலணி வாரை மாட்டிக்கொண்டிருந்தார்,
ஏற்கெனவே மாட்டியிருந்த வாரை.
டார்ச் வெளிச்சம் தரையில் அசையாமல் கிடந்தது.

கேட்க வாய் திறந்தேன். வாயெல்லாம் பெட்ரோல்.
துப்பினேன்.

இருமி, புகைத்து, பிறகு ஒழுங்காய் எடுத்தது வேன்.
யாஷ்வினியை என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.
"வரேங்கா."
"ம்."

மத்தியானம் ஒட்டுக்கடை ஓரம் நிறுத்தி,
மீ கோரேங் சட்டிக்கடியில் ஓர் ஆணியைக் காய்ச்சி
மூடியின் நடுவே துளை போட்டேன்.
ஊசி நுழையும்.
ரப்பர் குழாய் நுழையாது.

சாவியைத்தான்
வீட்டுக்குள் மாட்டுவதா, வேனிலேயே விடுவதா என்று
ராத்திரிவரை கையில் வைத்திருந்தேன்.